மே மாதத்தில் பூட்டிய பீரோ

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை எந்தெந்தப் பயிற்சியில் சேர்க்கலாம் என்று ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். நீச்சல், செஸ், கீபோர்டு எல்லாம் இருந்தன. வாசிப்பைக் காணோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரையில் அச்சுக் கோத்துப் பிழைத்தவன். மகள் வயிற்றுப் பேரன் மேலூரில் படிக்கிறான். லீவு விட்டால் திருநகருக்கு எங்களிடம் வந்துவிடுவான். போன வருடம் இரண்டாம் வகுப்பு முடித்து வந்தபோது சரளமாக வாசித்த பையன், ஜூனில் 'கெ'யா 'கே'யா என்று விரல் வைத்து நின்றான். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இரண்டே மாதத்தில் குழம்பிவிட்டன. அவனைக் குறை சொல்ல மாட்டேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அப்புறமும் என் கை கொஞ்ச நாள் அச்செழுத்துப் பெட்டியில் தும்பிக்கை வைத்த பழைய 'லை' இருந்த கட்டத்துக்கேதான் போய்க்கொண்டிருந்தது. எழுத்து பழக்கத்தில்தான் இருக்கிறது.

இந்த வருடம் பார்த்து எழுதும் வேலையைக் கொடுக்கவில்லை. முன்பு கொடுத்ததில் கை வலித்ததுதான் மிச்சம். பதிலாகப் பெரியார் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பேருந்தின் மின்பலகையில் எழுத்து ஓடி மறைவதற்குள் யார் முதலில் வாசிப்பது என்று போட்டி. 'செல்லூர்', 'தல்லாகுளம்', 'அழகர்கோவில்'. ல, ள, ழ மூன்றும் அங்கேயே கிடைத்தன. 'திருப்பரங்குன்றம்' என்பதை மூச்சு விடாமல் வாசித்த அன்றைக்கு ஒரு ஜிகர்தண்டா.

அப்புறம் தபால் கார்டு. ஒன்று 50 காசு. ஐந்து ரூபாய்க்குப் பத்து வாங்கினேன். சித்திரைத் திருவிழா முடிந்ததும் சென்னையில் இருக்கும் பெரியம்மா மகளுக்கு எழுதினான்: 'அழகர் ஆத்துல எறங்குனாரு.' நான் திருத்தவில்லை. 'குதிரை தங்கமா, பெயின்ட்டா?' என்று அவள் பதில் கேட்டிருந்தாள். விடுவானா? கார்டு முழுக்க நுணுக்கி நுணுக்கி விளக்கம் எழுதினான். அதில் 'வைகை ஆற்றில்' என்று இருந்தது. உங்கள் பத்திரிகையைப் பார்த்துத் திருத்திக்கொண்டானாம்!

சரி, இதெல்லாம் வீட்டில் செய்யக்கூடியது. புத்தகத்துக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் சிறுவர் நூல்கள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பூட்டுப் போட்டு. கேட்டால், "கிழிச்சிருவாங்க சார்" என்கிறார்கள். புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. பேரனுக்கு அங்கிருந்து கிளம்ப மனசே வரவில்லை. ஆனால் திருநகரிலிருந்து இந்த வெயிலில் தினமுமா போய்வர முடியும்? சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அந்தப் பீரோவுக்கும் அதில்தானே பணம் போயிருக்கும்?

பள்ளிகளிலும் இதே கதைதான். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' புத்தகங்கள் சின்னச் சின்னதாக, ஒரே மூச்சில் முடித்துவிடும்படி இருக்கின்றன. பிள்ளைக்கு நேரமே நேரமாக இருக்கும் மாதத்தில் பள்ளியைப் பூட்டும்போது அவையும் உள்ளே போய்விடுகின்றன. கடைசி வேலை நாளில் ஆளுக்கு நாலு புத்தகத்தைக் கையில் கொடுத்து, ஜூனில் திருப்பிக் கொண்டுவரச் சொன்னால் என்ன? நாலில் ஒன்று தொலையலாம். தொலையட்டுமே. பீரோவுக்குள் கரையான் தின்பதற்குக் கணக்குக் கேட்பார் உண்டா?

போன வாரம் நூலகரிடம் மறுபடி போய் நின்றேன். நல்ல மனிதர். "உங்க பொறுப்புல எடுத்துக்கங்க" என்று சாவியை எடுத்தார். தெருவில் ஐந்து பிள்ளைகள், ஆளுக்கொரு புத்தகம். ஐந்தும் திரும்பி வந்தன. ஒன்றில் மட்டும் அட்டை கழன்றிருந்தது. கோந்து தடவி, மேலே அம்மிக்குழவியை ஏற்றி வைத்திருக்கிறேன். காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த ஐந்தை வாங்கிவர வேண்டும்.

– அச்சுக் கோத்த ஒரு வாசகன்,
திருநகர், மதுரை.