மலைக்குப் போகுமுன் அலுமாரியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசெம்பரில் வரும் உந்துவப் பூரணையோடு சிவனொளிபாத மலை ஏறும் பருவம் தொடங்குகிறது. விடுமுறைக் காலத்தில் கொழும்பிலிருந்து மலையடிவாரத்து நல்லதண்ணிக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் குடும்பம் குடும்பமாகப் புறப்படுவார்கள். அவர்களுடைய உடுப்பு, சப்பாத்து பற்றிச் சில விடயங்களைச் சொல்ல இடம் தாருங்கள்.

கொழும்புப் புழுக்கத்தில் இருந்துகொண்டு 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாத உச்சியின் குளிரை மட்டுக்கட்ட முடியாது. ஆயிரம் மீற்றர் ஏற ஏற வெப்பநிலை ஆறு, ஆறரை பாகை குறையும். இங்கே இரவில் 24 பாகை என்றால் உச்சியில் 10 பாகை அளவில்தான் இருக்கும். காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். ஆனாலும் பலர் நடுங்குவது குளிரங்கி இல்லாததால் அல்ல. படி ஏறும்போது பருத்தி ரீசேர்ட் வியர்வையில் தெப்பமாகிவிடுகிறது. உதயத்துக்காக உச்சியில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. அதன்மேல் எவ்வளவு தடித்த அங்கியைப் போட்டும் பயனில்லை. ஏறும்போது மெல்லிய பொலியெஸ்டர் சேர்ட் போதும். உலர்ந்த சேர்ட் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். உச்சியை அண்மித்ததும் உள்ளே இருப்பதை மாற்றிவிட்டுத்தான் குளிரங்கியைப் போட வேண்டும். டெனிம் காற்சட்டை வேண்டவே வேண்டாம். நனைந்தால் பாரம், காய்வதோ இல்லை.

அடுத்தது மழை அங்கி. புறக்கோட்டையில் ஏற்றுமதி மிச்சம் என்று விற்பவற்றில் நல்ல சரக்கும் உண்டு, கழிவும் உண்டு. லேபல் வெட்டப்பட்டிருப்பதால் எது எதுவென்று தெரியாது. துணி எத்தனை மில்லிமீற்றர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும் என்பதுதான் இதற்கான அளவு. 1,500 என்பது தூறலுக்குச் சரி. முதுகுப்பையின் பட்டி தோளில் அழுத்தும் இடத்தில் அது போதாது. மலைநாட்டு மழைக்கு 10,000 அளவில் இருந்தால் நம்பலாம். எண் தெரியாவிட்டால் உட்புறத்தைத் திருப்பித் தையல்களைப் பாருங்கள். தையலின் மேல் நாடா ஒட்டப்படாத அங்கி எந்தத் துணியில் தைத்ததானாலும் ஊசித் துளைகளால் ஒழுகும்.

வாங்கியதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஈரம் பட்டால் கறுத்துத் தெரியும் சாம்பல் நிறப் பருத்தி ரீசேர்ட்டின் மேல் அங்கியைப் போட்டு, சிப்பை மேல்வரை இழுத்து, ஷவரின் கீழ் பத்து நிமிடம் நில்லுங்கள். கைகளை உயர்த்தி இறக்குங்கள். கழற்றியதும் தோள், அக்குள், சிப் ஓரம் மூன்றையும் பாருங்கள். வெளித்துணி மட்டும் நீரைக் குடித்து, உள்ளே உலர்வாக இருந்தால் அங்கி பழுதில்லை. நீரை உருட்டிவிடும் மேற்பூச்சுத்தான் தேய்ந்திருக்கிறது. மென்மையான திரவ சோப்பில் கழுவி, சோப்பு முற்றாகப் போகும்வரை அலசிக் காயவிடுங்கள். லேபல் அனுமதித்தால் மேலே துணி விரித்து இளஞ்சூட்டில் ஸ்திரி போட்டால் பூச்சு ஓரளவு மீளும். துணியை மிருதுவாக்கும் திரவங்களைச் சேர்த்தால் அதுவும் கெட்டுவிடும்.

உட்புறம் பிசுபிசுத்து, வெள்ளைச் செதிலாக உரிந்து, புளித்த நாற்றம் அடித்தால் எறிய வேண்டியதுதான். அது, உட்புறத்தில் நீர் புகாதபடி பூசியிருக்கும் பொலியுரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு ஈரக்காற்றில் சிதைவதன் அடையாளம். நம் ஊர் அலுமாரிகளில் கூடாரங்களுக்கும் இதே கதிதான். ஈரத்தோடு சுருட்டிப் பையில் அடைக்காமல் நன்றாக உலர்த்தி, காற்றுப்படும்படி தளர்வாகத் தொங்கவிட்டால் பல வருடம் உழைக்கும்.

சப்பாத்தில் இது ஆபத்தாகவே முடியலாம். மலையேறும் சப்பாத்துகள் பலவற்றின் இடை அடி, அதாவது பாதத்துக்கும் வெளி அடிக்கும் நடுவிலுள்ள மெத்தைப் பகுதி, பொலியுரித்தேன். அணியாமல் பெட்டிக்குள் கிடந்தாலும் சில வருடங்களில் அது உள்ளுக்குள் உதிர்ந்துவிடும். வெளியே புதுசு போலவே இருக்கும். பாதி வழியில் அடி முழுவதும் கழன்று வரும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே இடை அடியை நகத்தால் அழுத்தி, சப்பாத்தை நன்றாக வளைத்துப் பாருங்கள். வெடிப்போ தூளோ தெரிந்தால் போடாதீர்கள். பசை ஒட்டிப் பயனில்லை. பசை பிடிக்க வேண்டிய பொருளே தூளாகிவிட்டது. இரண்டு மீற்றர் நைலோன் கயிறு எப்போதும் பையில் இருக்கட்டும். அடி கழன்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு மெல்ல இறங்கலாம். புதிதாக வாங்குபவர்கள் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், தடித்த காலுறையோடு அளவு பாருங்கள்.

நக்கிள்ஸ் போகிறவர்களுக்கு, இரத்தம் குடிக்கும் அட்டைகளைத் தடுக்கும் காலுறை அவசியம். பின்னல் காலுறையின் கண்ணுக்குள்ளால் குட்டி அட்டை நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை தைத்தது வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை தெரியக் கூடாது.

ஒருநாள் மட்டும் பாவித்து எறியும் பொலித்தீன் மழையுறைகளைத் தயவுசெய்து தவிர்க்கவும். காற்றில் கிழிந்ததும் அவை வீசப்படுவது, 2010 இல் உலக மரபுரிமையாக்கப்பட்ட மத்திய மலைநாட்டுக் காடுகளில்தான்.

விற்பனையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: நீர்த்தம்ப அளவையும் சப்பாத்து தயாரித்த ஆண்டையும் விலைச்சீட்டில் எழுதுங்கள். ஒழுகினால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டிலும் குறித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்,
கொழும்பு 06