ஏர்வாடிக்கு நாங்கள் ஏன் போனோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக மனநல நாளையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் தமிழ்நாட்டு மனநல மருத்துவத்தின் வரலாறு பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்தது. அதில் "குடும்பத்தினரின் அறியாமையே ஏர்வாடிக் கொடுமைக்கு வழிவகுத்தது" என்று ஒரு வரி. ஏர்வாடி, மனநோயாளிகளைக் குணம் வேண்டி அழைத்துப்போகும் தர்கா இருக்கிற ராமநாதபுரம் மாவட்டத்து ஊர். எழுதியவர் அதோடு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. அந்தக் குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று.

முதலில் ஒரு திருத்தம். "ஏர்வாடி தர்கா தீ விபத்து" என்று போட்டிருக்கிறீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் எரிந்தது தர்கா அல்ல, அந்த ஊரில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை. சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் செத்தார்கள். இத்தகைய இடங்களை நடத்த உரிமம் வாங்க வேண்டும் என்று சொன்ன 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அத்தனை வருடம் உரிமமில்லாத காப்பகங்கள் எல்லோர் கண்முன்னேயும் நடந்தன. அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்காததற்கு உங்கள் கட்டுரையாளர் என்ன பெயர் வைப்பார்? அறியாமை என்ற சொல் எங்களுக்கு மட்டும்தானா?

என் தம்பிக்குக் கல்லூரியில் படிக்கும்போது மனச்சிதைவு நோய் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் முதலில் போனது ஏர்வாடிக்கு அல்ல, மதுரை பெரியாஸ்பத்திரிக்கு. டாக்டர் நல்லவர்தான், மருந்தும் கேட்டது. ஆனால் மாத்திரை தீர்ந்தால் மறுபடி மதுரைக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில் யாராவது சிரித்துப் பேசினால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எழுந்து கத்துவான். மானாமதுரை தாண்டுவதற்குள் கண்டக்டர் விசில் ஊதி எங்களை இறக்கிவிட்டதுண்டு. வெயிலில் ரோட்டோரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அம்மாவும் நின்றிருக்கிறோம். வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு நாள் கூலியும் அதோடு போகும்.

ஏர்வாடியில் எங்களை யாரும் இறக்கிவிடவில்லை. அம்மா ஒரு வாடகை அறை எடுத்து அவனோடு தங்கினார். பகலெல்லாம் தர்கா முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் தர்கா விளக்கு எண்ணெயை அவன் நெற்றியில் தடவுவார். அப்புறம் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் மதுரை மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்கு மாத்திரையின் அருமை தெரிந்திருந்தது, ஐயா. மகன் எந்த நேரத்தில் பயப்படுவான், எதைக் கொடுத்தால் சாப்பிடுவான் என்பதும் தெரிந்திருந்தது. தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: மதுரையை விடப் பக்கத்தில் எங்கே போவது என்று. அதைச் சொல்ல அப்போது எந்த அலுவலகமும் இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்து மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். குடும்பத்தோடு தங்கவிட்டு, சிறு சிறு வேலைகள் கொடுத்து வைத்திருந்த அந்த இடத்தில் மருந்து இல்லாமலேயே நோயின் கடுமை சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தம்பி இன்று உயிரோடும் தெளிவோடும் இருப்பது மருந்தால்தான். மக்கள் ஏன் அங்கே போனார்கள் என்று கேட்கிற பொறுமை அந்த மருத்துவர்களுக்கு இருந்தது. உங்கள் கட்டுரைக்கு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

வரலாறு என்றால் அதையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்? 1794-ல் கம்பெனிக்காரன் காலத்தில் சென்னையில் தொடங்கியது மனநோயாளிகளுக்கான காப்பகம். 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. சரி, எழுதியிருக்கிறீர்கள். தெற்கே கடலோரம் இருக்கிற ஒரு குடும்பத்துக்குக் கீழ்ப்பாக்கம் எத்தனை தூரம் என்று எழுதவில்லை. 1912-ஆம் ஆண்டு மனநோய்ச் சட்டம் இருந்த வரைக்கும், வர மறுக்கும் நோயாளியைச் சேர்க்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவுக்கு நிற்க வேண்டியிருந்ததையும் எழுதவில்லை. தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. எண்பதுகளின் நடுவில் கர்நாடகத்தின் பெல்லாரியில் ஆரம்ப சுகாதார நிலையங்களை வைத்தே மனநோய்க்கு மருத்துவம் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். அதை மாதிரியாக வைத்து மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு வந்தது 1997-ல். மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும்? 2001-ல். அந்த 28 பேர் செத்த ஆண்டில். இந்த வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு யாருடைய அறியாமை என்று சொல்லுங்கள்.

மனநல டாக்டர் சாரதா மேனனைப் பற்றி எழுதியதற்கு நன்றி. 1978 வரை கீழ்ப்பாக்கத்தில் பணியாற்றி, ஓய்வுக்குப் பிறகும் ஓயாமல் 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கியவர். எவ்வளவு எழுதினாலும் தகும். ஆனால் ஒரு முழுப் பக்கத்தில் கட்டடங்கள் இருக்கின்றன, டாக்டர்கள் இருக்கிறார்கள், அமைச்சர்கள்கூட இருக்கிறார்கள். சமூகப் பணியாளர் ஒருவர்கூட இல்லை. பம்பாயில் டாடா அறக்கட்டளை சமூகப் பணிக்குப் பள்ளி தொடங்கியது 1936-ல். சென்னை சமூகப் பணிப் பள்ளி 1952-ல் வந்தது. அங்கெல்லாம் படித்துவிட்டு மனநல வார்டுகளிலும் கிராமங்களிலும் உழைத்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு ஒரு வரி இல்லையா?

நான் இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டுக்குள் வந்த ஒரே அரசாங்கம் ஒரு சோசியல் ஒர்க்கர்தான். மாவட்ட மனநலத் திட்டம் வந்து சில வருடங்கள் கழித்து, தம்பி மறுபடி மாத்திரையை நிறுத்தியிருந்தான். கேட்டால் "எனக்கு நோயில்லை" என்பான். நிறுத்தியதற்கு அதுதான் காரணம் என்று டாக்டரும் நாங்களும் அப்படியே நம்பினோம். அந்தப் பெண் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அவனையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் டம்ளரைத் தொடவே இல்லை. எல்லோரும் உள்ளே போன பிறகு இரண்டு கையாலும் பிடித்து எடுத்தான். அப்படியும் டீ வேட்டியில் சிந்தியது. மாத்திரையால் கை நடுங்குகிறது, நாலு பேர் முன்னால் டம்ளரைத் தூக்க வெட்கம், அதனால்தான் நிறுத்தியிருக்கிறான். அவர் அதைக் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் சொன்னார். நடுக்கத்துக்கு வேறு மாத்திரை சேர்த்தார்கள். அடுத்த சில வாரங்களில் அவன் டீக்கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தான், அப்புறம் தெருக்காரர் ஒருவரின் கடையில் கணக்கு எழுதப் போனான்.

அந்தப் பெண்ணுக்கு ஒப்பந்த வேலை. ஒரு நாள் வருவது நின்றது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த இடத்துக்கு வெகுகாலம் யாரும் வரவில்லை. வந்தவர்களும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு புதியவரிடமும் தம்பியின் கதையை முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அலுத்துப்போனது. தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசின் டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண்ணைப் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். நல்ல சேவைதான், நானே பலருக்குச் சொல்கிறேன். ஆனால் டம்ளர் நடுங்குவதை ஃபோனில் பார்க்க முடியாது.

எழுத உட்கார்ந்துவிட்டதால் பழைய மனக்குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு காப்பகத்தில் இருந்தவர்களின் முகங்களை மறைக்காமல் முதல் பக்கத்தில் போட்டீர்கள். சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தற்கொலைச் செய்திகளில் எப்படி, எதைக் கொண்டு என்று இன்னும் விவரமாக எழுதுகிறீர்கள். எங்களைப் போன்ற வீடுகளில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் பேப்பரை மேசையில் வைக்கிறோம். எங்களுக்கு அறியாமைப் பட்டம் கொடுத்த அதே நாளிதழின் வரிவிளம்பரத்தில் பில்லி சூனியம் எடுக்கிறவரின் செல்பேசி எண் இருந்தது. இது என்னை மிகவும் புண்படுத்தியது.

பத்திரிகையால் என்ன ஆகும் என்று சொல்லிவிடாதீர்கள். 2001-ல் செய்தித்தாள்களில் வந்ததை வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் ஏர்வாடி விஷயத்தைத் தானாக எடுத்து விசாரித்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாவட்டப் பதிப்பில் தினமும் மின்தடை அறிவிப்பும் தங்கம் விலையும் போடுகிறீர்கள். அதன் பக்கத்தில் வாரம் ஒரு முறை, எந்த அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை மனநல டாக்டர் வருகிறார் என்று நாலு வரி போடுங்கள். சமூகப் பணியாளர் இடம் காலியாக இருந்தால் அதையும் போடுங்கள். கூடவே, எரிந்தது தர்கா அல்ல என்ற திருத்தத்தையும் வெளியிடுங்கள்.

தம்பியை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவன் பெயர் பேப்பரில் வருவதை அவன் விரும்பவில்லை. அதனால் என் பெயரையும் ஊரையும் தவிர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென் மாவட்ட வாசகி