பாப்பாவுக்கு, செட் மாற்றும் நாள் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவுக்குப் புதன்கிழமை சிறுநீர் டியூப் மாற்றியாயிற்று. நீ பணம் அனுப்பி வாங்கச் சொன்ன சிலிக்கான் டியூப்பையே டாக்டர் போட்டார். ரப்பர் டியூப்பை மாதம் தவறாமல் மாற்ற வேண்டியிருந்தது. இது பன்னிரண்டு வாரம் வரை இருக்கலாம் என்று உறையில் போட்டிருக்கிறது. ஆனாலும் அப்பாவுக்கு உப்புப் படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்வதால் எட்டாவது வாரமே வரச் சொல்லியிருக்கிறார். சிறுநீர்ப் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்கவிடுகிறேன், தரையில் படவிடுவதில்லை. நீ போனில் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இனி நான் கேட்பதற்கு நீ பதில் சொல்.

உன் இன்சுலின் பம்பின் செட்டை, வயிற்றில் குத்தி ஒட்டியிருக்கும் அந்தக் குழாயை, கடைசியாக என்று மாற்றினாய்?

போனில் கேட்டால் "மாற்றிவிட்டேன் அம்மா" என்கிறாய். எந்தக் கிழமை என்று கேட்டால் அப்பா சாப்பிட்டாரா என்று பேச்சைத் திருப்புகிறாய். சித்தி மகள் வளைகாப்பில் உனக்குச் சேலை கட்டிவிட்டது நான்தான். வயிற்றில் செட்டின் ஒட்டு ஓரமெல்லாம் சுருண்டு, அதன் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி போட்டிருந்தாய். இரண்டு நாள் ஆன செட் அப்படி இருக்காது. பக்கத்தில் விரல் பட்டபோது தோலுக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்பட்டது. அத்தைகள் சுற்றி நின்றார்கள். கொசுவத்தைச் செருகிவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நீ அனுப்பிய ஆய்வை முழுவதும் படித்தேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3283 நோயாளிகளிடம் நடத்தி 2012-இல் வெளியிட்டது. சலைன் ஏற்றக் கையில் குத்தி வைக்கும் குழாயை, அந்த வென்ஃப்ளானை, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினாலும், தேவைப்படும்போது மட்டும் மாற்றினாலும், இரத்தக்குழாய் அழற்சி இரு பக்கமும் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் வந்திருக்கிறது. சரியான ஆய்வுதான். நாங்கள் வார்டில் நாள் கணக்குப் பார்த்து எத்தனையோ பேரின் கையில் மறுபடி மறுபடி குத்தினோம். அது தேவையில்லை என்றால் நல்லதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு "சிவக்கவில்லை, வலிக்கவில்லை, அதனால் என் செட்டும் இருக்கலாம்" என்கிறாயே, அங்கேதான் நீ தவறுகிறாய்.

வென்ஃப்ளான் இருப்பது இரத்தக்குழாயில். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு நர்ஸ் அதைப் பார்க்கிறாள், தொட்டுப் பார்க்கிறாள், வீங்கினால் உடனே எடுத்துவிடுகிறாள். உன் குழாய் இருப்பது தோலுக்கடியிலுள்ள கொழுப்பில். உடம்பு அதை அந்நியப் பொருளாகவே பார்க்கும். நாளாக ஆக அந்த இடம் அழன்று, இன்சுலின் சீராக உள்ளே போகாது. வெளியே சிவப்பே தெரியாமல் உள்ளே இது நடக்கும். டெஃப்லான் குழாய் என்றால் இரண்டு முதல் மூன்று நாள், எஃகு ஊசி என்றால் இரண்டே நாள் என்று தயாரிப்பவர்கள் சும்மா எழுதவில்லை. ஏழு நாள் வைக்கிற செட்டும் இப்போது வந்திருக்கிறது. அதற்கென்றே குழாயையும் இணைப்பையும் மாற்றிச் செய்திருக்கிறார்கள். உன்னிடம் இருப்பது அது இல்லை.

இன்னொன்று. உன் பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்து வேகமாக அடங்குகிற இன்சுலின் மட்டும்தான். நீ ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நாள் முழுவதும் நிற்கிற இன்சுலினும் உடம்பில் இருந்தது. இப்போது அந்தக் காவல் இல்லை. குழாய் மடங்கினாலோ ஓரத்தில் கசிந்தாலோ சில மணி நேரத்தில் இரத்தத்தில் கீட்டோன், அதாவது இன்சுலின் இல்லாதபோது கொழுப்பு கரைந்து சேரும் அமிலம், ஏறத் தொடங்கிவிடும். அலாரம் அடிக்கும் என்று நம்பி இருக்காதே. கசிவுக்கு அது அடிக்காது. அடைப்புக்குக்கூட, இரவில் சொட்டுச் சொட்டாகப் போகும்போது, அழுத்தம் கூடி அது கத்துவதற்கு வெகுநேரம் ஆகும். கீட்டோன் ஏறி மூச்சு வாங்க வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். வாந்தி வந்ததும் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலேயே படுத்திருந்துவிட்டு வருவார்கள். வாந்தி வந்தால் நீ முதலில் கீட்டோன் பார். அப்புறம் மற்றது.

ஐந்தாம் வகுப்பில், நான் நைட் டியூட்டியில் இருந்த அன்று, நீயே மருந்தை அளந்து தொடையில் ஊசி போட்டுக்கொண்டாய். "எட்டு யூனிட், சரியாகப் போட்டேன்" என்று மறுநாள் காலை வாசலிலேயே சொன்னாய். டியூட்டி ரூமில் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இன்றும் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன். அந்தப் பிள்ளை இப்படி ஓரம் பெயர்ந்த செட்டுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும், பாப்பா. ஏகாதசிக்கு வந்தபோது புதுப் பெட்டி பிரித்தாய். பழக்கதோஷத்தில் நான்தான் மூடியில் தேதி எழுதினேன். தை கடைசியில் வளைகாப்புக்கு வந்தபோதும் உன் பையில் அதே பெட்டி, என் கையெழுத்தோடு. பத்து செட் ஒரு மாதத்தில் தீர்ந்திருக்க வேண்டும். அப்போதும் மூன்று மீதி இருந்தது. அந்த மாதங்களில்தான் அப்பா செலவுக்கென்று நீ கூடுதலாக அனுப்பினாய். அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் ரப்பர் டியூப்பே போதும் என்று பிடிவாதம் பிடிப்பார்.

இனிமேல் டியூப்புக்கு நீ அனுப்ப வேண்டாம். என் பென்ஷன் அதற்குப் போதும், மருந்துக் கடைக் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன். உனக்கு இரண்டு பெட்டி செட்டுக்குப் பணம் கட்டிவிட்டேன். உன் முகவரிக்கு வந்து சேரும். திருப்பி அனுப்பினால் எனக்குக் கோபம் வரும். வேலையிடத்தில் ஏதாவது பிரச்சினை இருந்தால் அதையும் சொல். சம்பளம் குறைந்திருந்தாலும் சொல். நாங்கள் பயந்துவிட மாட்டோம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்து. பழைய இடத்திலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளிப் போடு. கெட்டியான அந்தப் பக்கத்தைச் சில மாதம் தொடவே தொடாதே. வலிக்காது என்று அங்கேயே போடுவாய், எனக்குத் தெரியும். சர்க்கரை 250-க்கு மேல் போய், பம்பில் கொடுத்தும் இறங்காவிட்டால், மறுபடி பம்பில் கொடுக்காதே. இன்சுலின் பேனாவால் ஊசி போட்டுக்கொண்டு செட்டை மாற்று. காலையில் மாற்று. படுக்கப் போகும்போது மாற்றினால் சரியாகப் போகிறதா என்று யார் பார்ப்பது? காலையில் மாற்றி, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் வயிற்றில் இருக்கிற அந்தச் செட்டை எடு. மீதி மூன்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, எந்தக் கிழமை, எந்தப் பக்கம் என்று எனக்குச் செய்தி அனுப்பு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: இன்சுலின் பேனா ஆபீஸ் பையில் இருக்கிறதா? காலாவதித் தேதியைப் பார்த்துச் சொல்.