பழைய செவ்வாய்க் கிரகக் கதைகளை மறுபதிப்பு செய்பவர்களுக்கு

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களே,

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ரைஸ் பரோஸின் முதல் செவ்வாய் நாவலை அண்மையில் புதுப் பதிப்பில் வாங்கினேன். அட்டை பளபளவென்று இருக்கிறது, ஆனால் உள்ளே முன்னுரையைக் காணோம்.

ஏன் எடுத்தீர்கள் என்று புரிகிறது. வர்ஜீனியா வீட்டில் தான் சிறுவனாகப் பார்த்த ஜாக் மாமாவை நினைவுகூருவதுபோல் பரோஸ் எழுதிய பகுதி அது. எங்கள் அடிமைகள் அவர் நடந்த மண்ணையே கும்பிட்டார்கள் என்று அதில் வருகிறது. கூசத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஜாக் மாமாதான் கதாநாயகன் ஜான் கார்ட்டர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் கேப்டன். செவ்வாயில் இறங்கிய கொஞ்ச நாளில் பச்சை மனிதர்களுக்குத் தலைவனாகி, விலங்குகளிடம் அன்பாக இருப்பது எப்படி என்று அவர்களுக்கே பாடம் எடுக்கிறான். முன்னுரை இல்லாவிட்டால் அந்தத் தோரணை எங்கிருந்து வந்தது என்றே வாசகனுக்குத் தெரியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு, அந்த நாவலை நான்கு முறை படித்தவன் நான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஈர்ப்பு குறைந்த மண்ணில் முதல் அடி வைத்ததும் மேலே எழும்பி முகங்குப்புற விழுவானே, அந்த இடத்துக்காகவே படிக்கலாம். தட்டுத்தடுமாறித் தவழ்ந்து போனால் ஒரு கண்ணாடிக் கூரை. அடியில் பச்சை மனிதர்களின் முட்டைகள், பொரிந்து வெளிவந்த குஞ்சுகள். பின்னால் ஏதோ கிணுகிணுக்க, திரும்பினால் 40 அடி நீள ஈட்டியின் முனை. பயத்தில் ஒரே தாவு, 30 அடி உயரம்! நடக்கத் தெரியாமல் விழுந்தவனின் உயிரை அதே ஈர்ப்புக் குறைவு காப்பாற்றுகிறது.

இது 1912 பிப்ரவரி முதல் ஜூலை வரை ஆல்-ஸ்டோரி பத்திரிகையில் ஆறு பகுதிகளாக வந்த தொடர்கதை. பகுதி எங்கெங்கே முடிந்தது என்று ஓரத்தில் குறித்திருக்கலாம். கதாநாயகி தேஜா தோரிஸ் ஏன் ஓயாமல் சிறைப்படுகிறாள், வேண்டிய ஆள் வேண்டிய நேரத்தில் எப்படி எதிரே வருகிறான் என்பதெல்லாம் ‘தொடரும்’ போட்டுப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். (அவள் முட்டையிடுகிற இனம் என்பதற்கு மட்டும் விளக்கமே கிடையாது. தம்பதி முட்டை பொரியக் காத்திருப்பதை நான் சிரிக்காமல் படித்ததில்லை.)

கதையில் வரும் செவ்வாய்க் கால்வாய்களுக்கு நீங்கள் போட்ட அடிக்குறிப்பு வேண்டாம். வானியலாளர் லோவல் அவை இருப்பதாக நம்பினார், பரோஸ் அந்த நம்பிக்கையின் மேல் கதை கட்டினார். 1965இல் மரைனர் 4 விண்கலம் எடுத்த படங்களில் பள்ளங்கள்தான் தெரிந்தன. சரி, அதை ஒவ்வொரு கால்வாய்க்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டுமா?

அடுத்த அச்சில் முன்னுரையைச் சேர்த்துவிடுங்கள். அப்புறம், கார்ட்டரை விட்டு அகலாத காவல் மிருகம் வூலாவுக்குப் பத்துக் கால்கள். உங்கள் அட்டையில் ஆறுதான் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன்.

இப்படிக்கு,
காசு கொடுத்து வாங்கிய வாசகன்