ஃப்ளாப்புக்குப் பிறகு எப்போதும் பந்தயம் கட்டத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான போக்கர் அறிமுகக் கட்டுரை, ஃப்ளாப்புக்கு (எல்லாருக்கும் பொதுவாக மேசையில் முதலில் திறக்கப்படும் மூன்று சீட்டுகள்) முன் பந்தயத்தை உயர்த்தியவர், அங்கே எந்த மூன்று சீட்டுகள் விழுந்தாலும் தயங்காமல் மீண்டும் பந்தயம் கட்ட வேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தது. ஒவ்வொருவரும் தம் இரண்டு சீட்டுகளையும் மேசையில் உள்ள ஐந்து பொதுச் சீட்டுகளையும் கொண்டு ஆடும் டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையைப் புதிதாகக் கற்பவர்கள் இதை அப்படியே பின்பற்றினால் கையிருப்பை வேகமாக இழப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த அறிவுரை அடிப்படையற்றதன்று. ஜோடி சேராத இரண்டு சீட்டுகளை வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது அமைவது ஏறத்தாழ மூன்றில் ஒரு முறைதான். எனவே எதிரே ஒருவர் மட்டும் இருந்து, நம் கையில் ஏஸும் ராணியும் இருக்க, மேசையில் ராஜா, 7, 2 ஆகியவை வெவ்வேறு இனங்களில் விழுந்தால், பாட் எனப்படும், மேசையில் சேர்ந்துள்ள மொத்தப் பந்தயப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சிறிய பந்தயம் கட்டுவது நியாயமே. நான்கில் ஒரு முறை அவர் விலகினாலே அந்தப் பந்தயத்தில் நட்டம் இல்லை. அவரோ அதைவிட அதிகமாகவே விலகுவார்.

அதே ஏஸையும் ராணியையும் வைத்துக்கொண்டு மூன்று பேருக்கு எதிரே ஆடும்போது, 9, 8, 7 விழுந்து அவற்றில் இரண்டு ஹார்ட் இனமாக இருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். மூவருமே எதுவும் கிடைக்காமல் இருக்கும் வாய்ப்பு, சராசரி ஃப்ளாப்பிலேயே பத்தில் மூன்று அளவுக்குத்தான் வரும். இத்தகைய ஃப்ளாப்போ, ஃப்ளாப்புக்கு முன் கால் செய்து (பிறர் கட்டிய பந்தயத்துக்குச் சமமாகப் பணம் போட்டு) உள்ளே வந்தவர்களின் நடுத்தரச் சீட்டுகளுக்கே பொருந்துவது. இங்கே செக் செய்வதை, அதாவது பந்தயம் கட்டாமல் வாய்ப்பை அடுத்தவருக்கு விடுவதைக் கோழைத்தனம் என்று கருத இடமே இல்லை.

ஆனால் கட்டுரை முற்றிலும் விட்டுவிட்டது, வலுவும் இல்லாத பலவீனமும் இல்லாத நடுத்தரக் கைகளை (கையிலுள்ள சீட்டுச் சேர்க்கைகளை)த்தான். கையில் இரண்டு ராணிகள், மேசையில் ராஜா, 7, 2 என்று வைத்துக்கொள்வோம். பெரிய பந்தயம் கட்டினால், நம்மைவிடத் தாழ்ந்த கைகள் பெரும்பாலும் விலகிவிடும். ராஜா வைத்திருப்பவர் மட்டும் கால் செய்வார். பின்தங்கியிருப்பவர் நம்மை முந்துவதற்குப் பெரும்பாலும் ஏஸ்தான் வர வேண்டும் என்பதால், ஒரு சீட்டை இலவசமாகக் காட்டுவதிலும் பெரிய ஆபத்து இல்லை. ஆகவே, 'என் கை நன்றாக இருக்கிறதா' என்பதைவிட, 'நான் பந்தயம் கட்டினால் யார் கால் செய்வார், யார் விலகுவார்' என்று கேட்டுக்கொள்வதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள்) ஃப்ளாப்பில் ஒரு சீட்டு மட்டும் குறைவாக இருக்கும்போதும் கணக்கு தவறாகவே போடப்படுகிறது. நாம் பார்க்காத 47 சீட்டுகளில் நமக்கு உதவுபவை 9. ரிவர் எனப்படும் ஐந்தாவது பொதுச் சீட்டு வரை, இனி வரவிருக்கும் இரண்டு சீட்டுகளையும் பார்த்தால் வாய்ப்பு 35 விழுக்காடு. டர்ன் எனப்படும் நான்காவது பொதுச் சீட்டில் மட்டும் என்றால் 19 விழுக்காடுதான். எதிராளி பாட் தொகையில் பாதியைக் கட்டினால், கால் செய்வதற்கு 25 விழுக்காடு வாய்ப்பு தேவை. டர்னில் அவர் மறுபடியும் கட்டுவார் என்றால், 35 என்ற எண்ணை நம்பி உள்ளே போவது பிழை. சீட்டு வந்த பிறகு அவரிடமிருந்து மேலும் பணம் கிடைக்கும் என்ற நிலை இருந்தால்தான் அது ஈடுகட்டும். அதே கையுடன் நாமே முந்திக்கொண்டு பந்தயம் கட்டினால், அவர் விலகியும் நாம் வெல்லலாம், சீட்டு வந்தும் வெல்லலாம்.

2019-இல் ஆறு பேர் ஆட்டத்தில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்ற ப்ளூரிபஸ் என்னும் கணினி நிரல், முந்தைய சுற்றில் கால் மட்டும் செய்துவிட்டு அடுத்த சுற்றைத் தானே பந்தயத்துடன் தொடங்குவதை மனிதர்களைவிட அதிகமாகச் செய்தது. உயர்த்தியவருக்கே அடுத்த பந்தயம் உரியது என்ற பழைய வழக்கத்தை அது பொருட்படுத்தவில்லை.

செக் செய்வதிலும் ஒரு கவனம் வேண்டும். பலவீனமான கைகளில் மட்டும் செக் செய்பவரை எதிராளிகள் விரைவில் கண்டுகொண்டு, அவர் செக் செய்யும்போதெல்லாம் பந்தயம் கட்டி விரட்டுவார்கள். இரண்டு ராணிகள் போன்ற கைகளையும், சில வேளைகளில் அவற்றைவிட வலுவானவற்றையும் செக்கில் சேர்த்தால்தான் அந்தத் தாக்குதல் மட்டுப்படும். தொடரின் அடுத்த பகுதியில் இந்தச் செக் கைகளை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்