தரவைக்கு வேலி போடமுதல்

மச்சான்,

பதில் போடாததுக்கு முதல்ல திட்டி முடி, பிறகு வாசி. அம்மாவின்ர முழங்கால் பரவாயில்லை. சின்னவன் சோதினை பாஸ். உழுந்து மழையோட போச்சு.

விசயம் வேறை. எங்கட தரவைக்கு, அதுதான் மாடு மேயிற வெளிக்கு, கம்பிவேலி அடிச்சு மாட்டை மறிக்கப்போகினமாம். வண்ணாத்திப்பூச்சியைக் காப்பாற்றவாம்! கூட்டத்தில முதல் கைதட்டினது ஆர் எண்டு கேட்காதை. எங்கட கிளியர் எண்ட அந்த மனிசன்தான்.

நான் எழும்பி உங்கட இங்கிலாந்துக் கதையைச் சொன்னன். இத்தனை வருசம் அங்க இருந்தும் உனக்குத் தெரிஞ்சிராது. லார்ஜ் புளூ எண்டொரு நீல வண்ணாத்தி. காட்டுத் தைம் செடியின்ர மொட்டில முட்டை போடும். புழு கொஞ்ச நாள் பூவைத் திண்டிட்டு ஒரு பின்னேரம் தானாக் கீழ விழுந்து சும்மா கிடக்கும். ஒரு சாதிச் செவ்வெறும்பு வந்து தட்டிப் பார்த்தால் இனிப்பா ஒரு துளி கசியவிடும். பிறகு உடம்பை ஊதி எறும்புக்குஞ்சு மாதிரி நடிக்கும். எறும்பு நம்பித் தூக்கிக்கொண்டு புற்றுக்குப் போகும். பத்து மாதமளவு அங்க இருந்து அவையின்ர குஞ்சுகளையே திண்டு கொழுக்கும், ராணி எறும்பு மாதிரிச் சத்தமும் போடும். உன்ர கொழும்புச் சித்தப்பா வந்து நிண்டது ஞாபகம் வருதோ? கூட்டுப்புழுவாகிறதும் புற்றுக்குள்ளதான். வெளியில வந்துதான் செட்டை விரிக்கும், பிறகு சில நாள் சீவியம்.

அந்த எறும்புக்குச் சூடான நிலம் வேணும், புல்லு கட்டையா நிக்கவேணும். 1950களில நோய் வந்து முயல் செத்துது, மேய்ச்சலும் குறைஞ்சுது. புல்லு சில சென்ரிமீற்றர் உயர, நிலம் குளிர்ந்து எறும்பு போச்சு. 1979இல பூச்சியும் அற்றுப்போச்சு. ஜெரெமி தோமஸ் எண்டவர் காரணத்தைக் கண்டுபிடிக்கேக்க பிந்திப்போச்சு. பிறகு மேய்ச்சல் விட்டுப் புல்லைக் கட்டையாக்கி, 1983இல சுவீடனில இருந்து கொண்டுவந்து விடத் தொடங்கினவை.

"அது வெள்ளைக்காரன்ர பூச்சி" எண்டு கிளியர் நக்கலடிச்சார். சரி. ஆனால் 2010இல நாங்கள் திரும்பி வரேக்க தரவை எப்பிடிக் கிடந்தது எண்டு நீ காணேல்லை. மாடு இல்லை, இடுப்பளவு புல்லு, பற்றை. ஒரு நெருஞ்சி இல்லை. மாடு இறங்கின பிறகுதான் நெருஞ்சி படர்ந்தது. இப்ப அந்த மஞ்சள் பூவில சுண்டுவிரல் நகமளவு நீலங்கள், குனிஞ்சு பார்த்தால்தான் தெரியும். அதுகளுக்குத்தான் இந்த வேலி.

யூன் கடைசியில, அந்த நீல வண்ணாத்தி பறக்கிற சமர்செற் பக்கம் கொலார்ட் ஹில்லுக்கு ஒருக்காப் போ. பூச்சிப் படம் வேண்டாம், காலடிப் புல்லை எடு. மாடோ குதிரையோ நிண்டால் அதையும் சேர். சிறுபோகம் முடிய அடுத்த கூட்டம், கிளியரின்ர மேசையில வைக்கவேணும்.

உன்ர,
வாத்தி