பஞ்சத்துக்கு முன்பே வந்தவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவில் குடியேறிய அயர்லாந்துக்காரர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 1847இல் காய்ச்சலோடு கப்பலில் வந்து, கியூபெக்கின் கிரோஸ் ஈல் தீவிலேயே மண்ணுக்குள் போன ஐயாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய பகுதி மனசைப் பிசைந்துவிட்டது. ஆனால் கனடாவில் அயர்லாந்துக்காரர்களின் கதை அவர்கள் நாட்டு உருளைக்கிழங்குப் பஞ்சத்தில்தான் தொடங்கியது என்று எழுதியிருப்பது சரியில்லை. கனடாவின் கிழக்கு ஓரத்துத் தீவான நியூஃபவுண்ட்லாந்தை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

பஞ்சத்துக்கு நூறு வருடம் முன்பே அங்கே அயர்லாந்து ஆட்கள் இருந்தார்கள். இழுத்து வந்தது கோட் மீன். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலிருந்து கிளம்பும் கப்பல்கள் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு துறைமுகத்தில் நின்று உப்பிட்ட பன்றி இறைச்சியும் வெண்ணெயும் ஏற்றும். அப்படியே கூலிக்கு இளைஞர்களையும் ஏற்றும். இரண்டு கோடை, ஒரு குளிர்காலம் என்பது வழக்கமான ஒப்பந்தம். சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவதாகத்தான் வந்தார்கள். நிறையப் பேர் திரும்பவில்லை. இத்தனைக்கும் பெரும்பாலும் கத்தோலிக்கர்களான அவர்கள் 1784 வரை அங்கே வெளிப்படையாகப் பூசை வைக்க முடியாது. 1755இல் பூசை நடந்த வீட்டையே கொளுத்தியிருக்கிறார்கள். அப்படியும் தங்கினார்கள். ஐரிஷ் மொழியில் அந்தத் தீவுக்குத் தனிப் பெயரே உண்டு: தாலவ் அன் ஏஷ்க், மீனின் நிலம்.

நான் அந்தத் தீவின் தலைநகரான செயின்ட் ஜான்ஸில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மா தீவின் தெற்குக் கரையில் பிறந்தவர். அவரோ அவருடைய பாட்டியோ அயர்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை. பேச்சைக் கேட்டால் போன வாரம்தான் வாட்டர்ஃபோர்டிலிருந்து வந்து இறங்கியவர் மாதிரி இருக்கும். நான் கதவைத் திறந்ததுமே, "ஐயாம் ஆஃப்டர் புட்டிங் த கெட்டில் ஆன்" என்பார். தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன் என்று அர்த்தம். சொற்கள் ஆங்கிலம், வாக்கியக் கட்டு ஐரிஷ். தாய்மொழி அந்தக் கரையில் எப்போதோ பேச்சற்றுப் போய்விட்டது, அதன் இலக்கணம் மட்டும் அடுப்படியில் இன்னும் இருக்கிறது. அதை முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு என் பேரப்பிள்ளைகளின் ஞாபகம்தான் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986 ஆகஸ்டில், செயின்ட் ஷாட்ஸ் என்ற ஊருக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரைக் கண்டு தங்கள் படகுகளில் ஏற்றிக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்து மீனவர்கள்தான். அயர்லாந்துக்காரர்கள் குடியேறி வளர்த்த கரை அது. நம்மவர்களுக்கு அந்த மீட்பு தெரியும், அந்த மீனவர்களின் முப்பாட்டன்மார் அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது தெரியாது.

தொடரின் அடுத்த பகுதியில் அந்தத் தெற்குக் கரைக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
ஸ்கார்பரோ, டொரான்டோ